தண்ணீர் இறங்கும் மாதங்கள்: பழைய மஸ்கெலியாவும் அதன் கோயிலும்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று பழைய மாணவிகள் சங்கத்தினர் கேட்டபோது, 1997 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாட்கள் வாக்குவாதப்பட்டோம். கல்லூரியின் வரலாற்றை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய அக்காமார் இருக்கிறார்கள். அவர்களின் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் நாங்கள் போய் நிற்பது சரியில்லை. கடைசியில், எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருக்கும் ஒரு நாளிலிருந்து தொடங்கலாம் என்று முடிவானது. எழுதும் பொறுப்பு மட்டும் எங்களில் வைத்தியராக இருப்பவளின் தலையில் விழுந்தது. சொல்வது நாங்கள் எல்லோரும்தான்.

அது 1996 ஆம் ஆண்டு. அந்த வருடத்து வறட்சியையும் மின்வெட்டையும் அறுபது எழுபதுகளில் பிறந்த அக்காமாரும் மறந்திருக்க மாட்டார்கள். நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. விடுதியில் நாங்கள் சிமினி விளக்கின் முன்னால் இரசாயனவியல் படித்தோம். தலைமுடி பொசுங்கிய வாசனையும் அந்தப் பாடமும் இன்றைக்கும் எங்களுக்குச் சேர்ந்தே வரும். ஒரு நாள் வரலாற்று டீச்சர் வந்து, “கரண்ட் போனதுக்குக் காரணத்தை நேரில போய்ப் பாத்துட்டு வருவோமா?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என்ற பேதமில்லாமல் முப்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறி நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குப் போனோம்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தை நாங்கள் எப்போதும் நிறைந்த நீலமாகவே கண்டிருந்தோம். அன்று அது பெரிய மண் கிண்ணமாகக் கிடந்தது. வெடித்த சேற்றின் மேல் நடந்து இறங்கினோம். கீழே ஒரு பாதையின் தடம் தெரிந்தது. அதன் ஓரத்தில் வீடுகளின் அத்திவாரங்கள். பிறகு படிகள், இடுப்பளவு சுவர், நிற்கும் ஒரு கருவறை. எங்களில் பாதிப்பேர் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினோம். மீதிப்பேர், உள்ளே சாமி இல்லையே, சேறுதானே என்றார்கள். அந்த வாக்குவாதம் பஸ்ஸில் திரும்பி வரும்வரை நடந்தது. சாமி இல்லாத கோயில் கோயிலா என்ற கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. “எந்த வருஷம் கட்டினதுன்னு யாருக்காவது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மஸ்கெலியாவிலேயே பிறந்து வளர்ந்த நால்வர் எங்களுடன் இருந்தார்கள்.

ஊரின் கிடப்பை வெளியூர்களில் வாழும் தங்கைமாருக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். களனி கங்கைக்கு இரண்டு தாய்கள். ஒன்று கெஹெல்கமு ஓயா, மற்றது மஸ்கெலி ஓயா. முதலாவதைக் காசல்ரீ நீர்த்தேக்கமும் இரண்டாவதை மவுசாகலை நீர்த்தேக்கமும் மறித்து நிற்கின்றன. லக்ஷபான மின்தொகுதியில் மவுசாகலைதான் பெரியது. ஏறத்தாழ 12 கோடி கனமீற்றர் நீரைத் தாங்கும். பழைய மஸ்கெலியா நகரம் மஸ்கெலி ஓயாவின் பள்ளத்தாக்கில், இன்றைய தண்ணீருக்குக் கீழே இருந்தது. இப்போது நாம் பஸ்ஸில் இறங்கிக் கடலை வாங்கும் மஸ்கெலியா, மேட்டில் புதிதாக எழுப்பிய நகரம்.

பழைய நகரில் சண்முகநாதர் கோயில் இருந்தது. பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் இருந்தன. தண்ணீர் இறங்கும்போது மூன்றின் எச்சங்களும் வெளியே வருகின்றன. வறட்சி வந்தால் பத்திரிகைகள் தவறாமல் படம் போடும். தலைப்பில் ‘புராதன ஆலயம்’ என்று இருக்கும். இந்தப் ‘புராதன’ என்ற சொல் எங்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அனுராதபுரத்தையும் திருக்கேதீச்சரத்தையும் பாடத்தில் படித்த பிள்ளைகளுக்கு, தேயிலைக்குப் பிறகு வந்த கோயில் எப்படிப் புராதனமாகும்? பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லில் அவ்வளவு பிழையுமில்லை.

மஸ்கெலியா, கோப்பிக் காலத்தின் கடைசியில் காடு வெட்டித் திறந்த மலைகளில் ஒன்று. 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. 1884 இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்த சனங்கள் லயங்களில் இருந்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் முதலில் ஒரு கல், அதற்கு மஞ்சள் துணி, பிறகு தகரக் கொட்டகை, பிறகு மாரியம்மன் கோயில் என்று எழும்பின. ஆனால் தோட்டத்துக் கோயில் தோட்டத்து எல்லைக்குள் அடங்கியது. துரையின் அனுமதியில்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. கடைவீதிக் கோயில் அப்படியல்ல. அது ஊருக்குச் சொந்தம். துணிக்கடைக்காரர், தையல்காரர், நகைவேலை செய்பவர், சம்பள நாளில் பத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் என எல்லோரும் ஒரே வாசலில் நின்ற இடம் அது. லயத்துச் சனத்துக்கு ‘நம்ம ஊர்’ என்று ஒன்று முதன்முதலில் உருவானது பஜாரில்தான் என்பது எங்கள் எண்ணம்.

அத்தோடு மஸ்கெலியா யாத்திரைப் பாதையில் இருக்கிறது. சிவனொளிபாதமலைக்கு ஹட்டனிலிருந்து போகிறவர்கள் மஸ்கெலியாவைக் கடந்துதான் நல்லதண்ணிக்குப் போகிறார்கள். யாத்திரைக் காலம் மார்கழியை ஒட்டிய பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடியும். மலையில் மழை குறைந்து, தண்ணீர் இறங்கும் மாதங்களும் இவைதான். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பிடிக்கும்போது யாத்திரையும் முடிந்துவிடும், பள்ளத்தாக்கும் நிறையத் தொடங்கும். யாத்திரிகர் வரும் காலத்தில் தலைகாட்டி, அவர்கள் போனபின் மறைகிற கோயில் என்று இதைச் சொன்னால் கதை போலிருக்கும். காரணம் வெறும் மழைக்கணக்குத்தான். நல்ல மழை பெய்த வருடங்களில் அது வெளியே வருவதேயில்லை.

தண்ணீர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே இந்த மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு அறிக்கை படித்தார். அதை ஏற்று முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ வந்தது. 1960களின் கடைசியில் மவுசாகலை அணை முடிந்து பழைய நகரம் தண்ணீருக்குப் போனது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் விளக்கு அணையாமல் இருப்பதன் அருமை தெரிந்த எங்களால் அணை கட்டியது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சுற்றியுள்ள பல லயங்களுக்கு மின்சாரம் வரப் பல பத்தாண்டுகள் சென்றன என்பதையும் எழுதாமல் விட முடியாது. சிமினி விளக்கில் படித்தது எங்களுக்கு அந்த ஒரு வருடத்துப் புதுமை. எங்களில் லயத்திலிருந்து வந்தவர்களுக்கு அது தினசரி.

அணை கட்டிய அதே பத்தாண்டில் இன்னொன்றும் நடந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தன. எங்கே இருக்க விருப்பம் என்று சனங்கள் மனுப்போட்டு, பாஸ்போட்டுக்குக் காத்துக்கொண்டிருந்த வருடங்களில்தான் மஸ்கெலியாவில் கடைகள் மேட்டுக்கு ஏறின.

இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அப்பாயி சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. பழைய பஜாரைப் பற்றிக் கேட்கப் போனோம். அவர் பஜாரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. “கோயிலு முங்குன வருசந்தான் எங்கக்கா இந்தியாவுக்குப் போச்சு. ரெண்டும் ஒண்ணா போச்சு” என்றார். அக்காவின் புருஷன் பழைய நகரில் தையல் மெசின் போட்டிருந்தாராம். புதிய நகரத்தில் இடம் எடுக்கவில்லை, எப்படியும் போகத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டாராம். அந்த அக்காவின் மகள் நமது கல்லூரியில் படித்தவள் என்றும் சொன்னார்.

சென்ற வருடம் மலருக்காகப் பழைய ஆவணங்களைப் பார்க்க அதிபர் அனுமதி தந்தபோது, நாங்கள் முதலில் தேடியது அந்தப் பிள்ளையைத்தான். சேர்வு இடாப்பில் பெயர் இருந்தது. முகவரி மஸ்கெலியா. ஆறாம் வகுப்பில் விலகியிருக்கிறாள். விலகிய ஆண்டு 1972. காரணம் என்ற கட்டத்தில், இந்தியாவுக்குச் சென்றார் என்று அழகான ஆங்கிலக் கையெழுத்து. அதே பக்கத்தில் அதே காரணத்துக்கு இன்னும் ஏழு பெயர்கள். பக்கத்தைப் புரட்டினால் இன்னும். ஒருவர் பெயரையும் இங்கே நாங்கள் எழுதவில்லை. எழுபதுகளில் படித்த அக்காமாருக்கு, காலை இடாப்புக் கூப்பிடும்போது திடீரென்று பதில் வராமல் போன தோழிகளை நாங்கள் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே கணக்குப்படி கோயில் மூழ்கியதற்கும் அக்கா போனதற்கும் மூன்று நான்கு வருட இடைவெளி. அப்பாயி சொன்னது பிழை. நாங்கள் அவரிடம் போய்த் திருத்தவில்லை. அவர் காலமாகி இப்போது ஆறு வருடமாகிறது. இருந்திருந்தாலும் திருத்தியிருக்க மாட்டோம். ஆனால் வரலாறு எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்: இடாப்பு சொல்வதையும், அவர் சேர்த்துவைத்திருந்ததையும்.

வைத்தியசாலையில் வேலை செய்யும் எங்களுக்கு இது வேறு விதமாகவும் பழக்கம். கிளினிக்குக்கு வரும் வயதானவர்களிடம் வயதைக் கேட்டால், பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஏதாவது ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். “அணை கட்டுறப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருசம்.” “கோயிலு முங்கயில மூத்தவன் வயித்துல.” நாங்கள் கழித்துப் பார்த்து அட்டையில் ஓர் எண்ணைப் போடுவோம். கடதாசி மறுக்கப்பட்ட சனத்துக்குக் கோயில்தான் கலண்டர். அது மூழ்கிய திகதி தெரியும், கட்டிய திகதி தெரியாது. இதனால்தான் பத்திரிகைக்காரரின் ‘புராதன’ என்ற சொல்லுடன் எங்களுக்கு இப்போது சண்டையில்லை. எழுத்தில் ஆதாரமில்லாமல், பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் நிற்கிற ஒன்று எழுபது வயதிலேயே புராதனமாகிவிடுகிறது.

அணைக்குள் போன கோயில்கள் எங்கும் உண்டு. ஆனால் போன விதம் ஒன்றுபோல் இல்லை. நம் முன்னோர் பலர் வந்த சேலம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. 1925 இல் தொடங்கி 1934 இல் முடிந்த மேட்டூர் அணையின் நீருக்குள் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் மூழ்கியது. அணை வற்றும்போது அதன் பெரிய நந்தி தெரியும். பக்கத்தில் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். நந்தியின் தலை தெரிந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்குக் கவலை. மஸ்கெலியாவில் படி தெரிந்தால் கொழும்புக்குக் கவலை.

ஆந்திராவில் ஸ்ரீசைலம் அணை கட்டியபோது வேறு மாதிரி நடந்தது. கிருஷ்ணையும் துங்கபத்திரையும் கூடும் இடத்திலிருந்த கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயில் சாளுக்கியர் காலத்தது. அதைக் கல் கல்லாக இலக்கமிட்டுக் கழற்றி, அலம்பூரில் மறுபடி கட்டினார்கள். அதே நீர்த்தேக்கத்தில் கர்நூல் பக்கத்திலிருக்கும் இன்னொரு சங்கமேஸ்வரர் கோயிலை எடுக்கவில்லை. அங்கே மூலவர் வேப்ப மரத்தாலான லிங்கம். வருடத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கும். நீர் இறங்கியதும் அர்ச்சகர் போய்ச் சேற்றைக் கழுவிப் பூசை செய்கிறார்; நீர் ஏறும்போது கடைசிப் பூசையை முடித்து வெளியேறுகிறார். சாமி இருக்கிறாரா இல்லையா என்று எங்கள் பஸ்ஸில் நடந்த சண்டைக்கு அங்கே இடமில்லை.

மவுசாகலை அணை எழும்பிய அதே வருடங்களில்தான், 1964 இலிருந்து 1968 வரை, எகிப்தில் அபு சிம்பெல் கோயில்களை வெட்டி 65 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி வைத்தார்கள். உலகமே காசு போட்டது. இராமேசிஸ் மன்னனின் கோயிலையும் எங்கள் கடைவீதிக் கோயிலையும் ஒப்பிடுகிறோமா என்று கேட்டால், இல்லை. மலையைக் குடைந்த கோயிலைத் தூக்கியவர்களின் காலத்தில், இங்கே ஓர் அளவுப்படமாவது வரைந்து வைத்திருக்கலாம் என்பதே எங்கள் ஆதங்கம். நமது நாட்டிலேயே கொத்மலையில் மகாவலித் திட்டத்தில் மூழ்கிய விகாரைகளின் நினைவாகப் பெரிய தாதுகோபம் ஒன்று எழும்பியிருக்கிறது. அங்கே கடதொர விகாரை, தண்ணீர் குறையும்போது வெளியே வரும். வாகனம் பிடித்துப் போய்ப் பார்க்கிறார்கள், பெயர் சொல்கிறார்கள், வருடம் சொல்கிறார்கள்.

1996 க்குப் பிறகு நாங்கள் மூன்று தடவை இறங்கிப் பார்த்திருக்கிறோம். வருடத்துக்கொரு முறை கிளினிக்குக்கு வரும் நோயாளியைப் போலத்தான்: கூடவே இருப்பவர்களுக்கு மெலிந்தது தெரியாது, இடைவெளி விட்டுப் பார்ப்பவருக்குத் தெரியும். முதல் முறை எங்கள் இடுப்பளவு இருந்த சுவர் இப்போது முழங்காலளவு. தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் கட்டடம் இவ்வளவு சீக்கிரம் கெடாது. நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான் கெடுக்கிறது. மலைத்தண்ணீரில் உப்புக் குறைவு. அது சுண்ணாம்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. காயும்போது சாந்து உதிர்கிறது. ஏறி இறங்கும் அலை மீதியைத் தட்டுகிறது. தேயிலை மலைகளிலிருந்து கழுவி வரும் மண் அடியிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது. இத்தோடு மனிதர்களும் சேர்கிறார்கள். கடைசியாகப் போனபோது படியில் பிஸ்கட் கடதாசியும், சுவரில் இரண்டு காதல் ஜோடிகளின் பெயர்களும் இருந்தன. ஒரு பையன் கருவறைக்கு மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். எங்களில் ஒருத்தி, ஆசிரியை, அவனை ஏச வாயெடுத்தாள். அதற்குள் அவன் இறங்கி வந்து, “டீச்சர், இது எந்தக் காலத்துக் கோயில்?” என்று கேட்டான். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தானோ தெரியாது. அந்தக் கேள்விக்கு 1996 இல் முப்பது பேருக்கும் பதில் இருக்கவில்லை. அன்றும் இருக்கவில்லை.

அன்று நாங்கள் அளவுநாடா கொண்டு போயிருந்தோம். நின்ற சுவர்களின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, படிகளை எண்ணி, நான்கு பக்கமும் படம் பிடித்தோம். எங்களில் ஒருத்தி கட்டட வரைபடம் வரைபவள். அவள் வரைந்த தள அமைப்பின் பிரதி ஒன்று கல்லூரி நூலகத்தில் வரலாற்று அலுமாரியில் இருக்கிறது. எழுத்துப் பொறித்த கல் ஏதாவது இருக்குமா என்று வாசலடியில் சேற்றைக் கையால் விலக்கிப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. மண் அந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்கு மேல் இருந்தது.

இனி அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அல்பங்களில், அம்மாவின் அல்லது பாட்டியின் பெட்டிகளில், பழைய மஸ்கெலியாவில் எடுத்த படம் ஏதாவது இருக்கும். கல்யாணப் படமாக இருக்கலாம், தேர்த் திருவிழாவாக இருக்கலாம், கடை திறப்பாக இருக்கலாம். ஆட்களை விட்டு அவர்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நீலகிரிக்கும் கூடலூருக்கும் போய்விட்ட உறவுகளிடமும் கேளுங்கள். அவர்கள் கொண்டு போன தகரப் பெட்டிகளில் இருக்கக்கூடும். அழைப்பிதழ், நன்கொடைப் பற்றுச்சீட்டு, கணக்குக் கொப்பி, எதுவானாலும் பிரதி எடுத்து மலர்க் குழுவிடம் கொடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். கட்டிய வருடம் அங்கேதான் இருக்கப் போகிறது.